ஜெர்க்கினுக்கு அடியில்

திருப்பூர்க்காரனை வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஊரைப் பார்க்க மாட்டான். ஊரார் போட்டிருக்கும் பனியனைப் பார்ப்பான். ஜெர்மனியில் கண்காட்சி முடிந்து ஒரு நாள் மிச்சமிருந்தது. சிநேகிதர்கள் மூவரும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனார்கள். ராட்டின வரிசையில் நிற்கும்போதே சாயப்பட்டறைத் தங்கவேலு, முன்னால் நின்ற வெள்ளைக்காரன் முதுகை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, இது நம்மூருங்களா, பங்களாதேசுங்களா?"

"கழுத்து ரிப் நெளியறதப் பாத்தாத் தெரியலீங்களா? நம்மூருதான்," என்றார் தீனதயாளன். பெரிய எக்ஸ்போர்ட்டர், தன் ஊரை நக்கலடிக்கும் தகுதி உண்டு.

மூன்றாமவர், சின்னக் கம்பெனிக்கார வேலுமணியும் சிரித்தார். அப்போதுதான் ஒரு குழந்தை குறுக்கே ஓடியது. கரடித்தலை போலக் குல்லா வைத்த பனியன். ஒரு காது விறைத்து நிற்க, மறு காது தூங்கி எழுந்ததுபோல மடங்கிக் கிடந்தது. பின்னாலேயே இன்னொரு குழந்தை, அதே காது. எதிர்க் கடை வாசலில் வரிசையாகத் தொங்கியதெல்லாம் அதே காது.

வேலுமணி அந்தக் காதை அடையாளம் கண்டுகொண்டார். மடங்கின காது அவர் மனைவி வினிதாவின் யோசனை. மகள் தேஜஸ்ரீ ஒருக்களித்துத் தூங்கி எழுந்தால் தலைமுடி ஒரு பக்கம் அப்படித்தான் அமுங்கிக் கிடக்கும். முந்தின வருடம் தனக்கு விசா கிடைக்காததால், அந்தச் சாம்பிளைத் தீனதயாளனிடம்தான் சரக்கு வாங்கும் பையருக்குக் கொடுத்தனுப்பினார். அவர் திரும்பி வந்து, "சீக்கு வந்த கரடியான்னு கேட்டுச் சிரிச்சுட்டாங்க மாப்ள," என்றார். வேலுமணி அன்றைக்கே கம்பெனியில் வினிதாவிடம் குதித்தார். "பொம்பள பேச்சக் கேட்டுத் தொழில் பண்ணுனா இப்பிடித்தான்." சாம்பிள் மேசையை விட்டு எழுந்த வினிதா, அப்புறம் வேலம்பாளையத்திலிருக்கும் அந்தக் கம்பெனிப் படியே ஏறவில்லை. கம்பெனியும் இப்போது தீனதயாளனுக்குக் கூலிக்குத் தைத்துத்தான் பிழைக்கிறது.

ராட்டினப் பெட்டியில் தங்கவேலு எதிரே உட்கார்ந்தார். இவர்கள் இருவரும் இந்தப் பக்கம், தோளோடு தோள். பெட்டி எழும்பியது.

"கரடியப் பாத்தீங்களா மாப்ள?" வேலுமணி மெல்லக் கேட்டார்.

தீனதயாளன் வியாபாரி; தெரிந்துவிட்ட பொய்யைத் தூக்கிச் சுமக்க மாட்டார். "பாத்தனுங்க. ஆர்டர நான் வாங்காட்டி வியட்நாம்காரன் வாங்கியிருப்பான். அத்தன பீஸ் உங்களால குடுத்திருக்க முடியுங்களா?"

"வினிதாகிட்டச் சொல்லப்போறனுங்க. நம்ம எக்ஸ்போர்ட்டர் சங்கத்துலயும் சொல்லுவேன்."

தங்கவேலு செல்ஃபோனில் கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தீனதயாளன் ஜெர்க்கினைக் கழற்றி இருவர் மடிமேலும் விரித்தார். அடியில் வேலுமணியின் கையைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் பேரம். பக்கத்தில் நிற்பவனுக்கும் விலை தெரியாது. இருவருடைய அப்பன்களும் அப்படித்தான் காளை விற்றார்கள்.

"அடுத்த சீசன் கரடி லாபம். பத்துப் பங்குல," என்று மட்டும் முணுமுணுத்து, வேலுமணியின் இரண்டு விரலை அழுத்தினார்.

வேலுமணி கையை உதறத்தான் நினைத்தார். விரல்களோ அந்த இரண்டையும் மடக்கிவிட்டு ஐந்தாக விரிந்தன. தீனதயாளன் மூன்றைப் பிடித்தார்.

"என்னங்க, ஜெர்க்கின் ஆடுது? பயமா?" என்றார் தங்கவேலு.

"குளிருங்க," என்றார் வேலுமணி.

உச்சியில் ராட்டினம் நின்றது. கீழே குழந்தைகள் புள்ளிகளாக ஓடினார்கள். வேலுமணி நாலைப் பிடித்து அழுத்தினார். தீனதயாளன் உடனே கையை இறுக்கிவிட்டார். சம்மதம். இத்தனை சுளுவாகப் படிந்துவிட்டதே, ஐந்திலேயே நின்றிருக்கலாமோ என்றுதான் வேலுமணிக்கு முதலில் தோன்றியது. அவமானம் அதற்கப்புறம்தான் வந்தது.

இறங்கியதும் வினிதா வீடியோவில் கூப்பிட்டாள்.

"ராட்டினம் காட்டுங்க, பாப்பா பாக்கோணுங்கறா."

காட்டினார், வானத்தோடு சேர்த்து.

"கீழ திருப்புங்க. ஓரத்துல தெரியற கொழந்தைக தலையில என்னமோ போட்டுட்டுப் போறாங்க பாருங்க."

"அது ஒண்ணுமில்ல கண்ணு, இங்க சிக்னல் சரியில்ல."



"கலியாணம் ஆனதுலருந்து உங்க வாயில இந்தக் கண்ணு வந்ததில்லீங்களே," என்றாள் வினிதா. "அங்க என்னத்தப் பண்ணீட்டு நிக்கறீங்க?"