மூடி கழற்றிய ரோலர்

திருவட்டாறுக்கு வடக்கே, ஞானதாசன் முதலாளியின் ரப்பர் தோட்டத்தில் ரோலர் ஓட்டும் வேலை பெண்களுக்கு. உறைந்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் மறுபக்கம் ஷீட்டாக வரும். மழை கொட்டிய ஒரு காலையில் உறைந்த பாலோடு சத்தியபாயின் வலது கையும் உள்ளே போனது. எஞ்சினை நிறுத்தும் கம்பி கொட்டகையின் மறுகோடியில் இருந்தது. பால் வாளியோடு அப்போதுதான் வந்த அவள் புருஷன் ராஜையன், வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அதை இழுத்தான். நெய்யூர் ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் பெருவிரல் மட்டுமே மிஞ்சியது.

புண் ஆறி அவள் வேலைக்குத் திரும்பியபோது மேஸ்திரி சுந்தரராஜ் கொட்டகை வாசலிலேயே மறித்தான்.

"இந்தக் கைய வச்சு இஞ்ச என்ன செய்யப் போற? வீட்டுல போய் இரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞானதாசன் எழுந்து நின்று, சத்தியபாய்க்கு ஆண்டுதோறும் கிறிஸ்மசுக்கு அரிசியும் சேலையும் கொடுப்பதாகச் சபையார் முன் சொன்னார். எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள். பெண்கள் வரிசையிலிருந்து தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோதுகூட அவளுக்கு அப்படி வலிக்கவில்லை.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் மைதீன் கனியிடம் இதைச் சொன்னபோது அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தர்மமா? அதை எதுக்கு நீ வாங்கணும் தங்கச்சி? கொல்லத்துல எனக்க மச்சானுக்கு ஆலையில கண்ணு போச்சு. சமஸ்தானத்துல இப்ப புதுசா சட்டம் வந்திருக்கு, கேட்டியா? வேல செய்யும்ப அடிபட்டா மொதலாளி நஷ்டஈடு குடுத்தே ஆவணும். அவனுக்குக் கெடச்சுது. நாகர்கோவில் சர்க்கார் கச்சேரியில போய் மனு குடு."

ராஜையனுக்குக் கேட்டதுமே பயம் பிடித்துக்கொண்டது. அவனும் அதே தோட்டத்தில் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவன். குடியிருக்கும் குடிசையும் தோட்டத்துடையது.

"ஏட்டி, அவரு நம்ம சபைக்காரரு. அரிசி தாறேன்னுதானே சொல்லுதாரு. எனக்க வேலையும் போனா எங்க போய் நிப்போம்?"

"அவரு மனசு வச்சா தருவாரு. மனசு மாறுனா நிறுத்துவாரு. நான் பிச்சைக்கா கையக் குடுத்தேன்?"

ராஜையனின் பயம் தெளியவில்லை. ஆனால் மனு கொடுக்க அவள் புறப்பட்ட அன்று, மழைக்கு அவள் நனையாமல் ஓலைக்குடை பிடித்துக்கொண்டு கூடவே போனான்.

விசாரணை நாளில் ஞானதாசனும் மேஸ்திரியும் வந்திருந்தார்கள்; அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். உருளைகளுக்கு மேல் பாதுகாப்புக்கு வைத்த மூடியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியிருந்தால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்றார். மேஸ்திரி சுந்தரராஜ் உடனே கைகட்டி நின்றான்.

"மூடி இருந்துது எசமான். இவதான் கழட்டிப் போட்டா. நான் எத்தன தடவ வேண்டாம்னு சொன்னேன்!"

இல்லை என்று சத்தியபாய் சொன்னால் அது ஒருத்தியின் சொல். கொட்டகைப் பெண்கள் ஒருத்தியும் சாட்சிக்கு வரத் துணியவில்லை. அவள் முந்தானையை விலக்கி வலது கையை அதிகாரி முன் நீட்டினாள்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ராஜையன். தலைத்துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"மூடிய கழட்டுனது மேஸ்திரி, எசமான். ஷீட்டு வேகமா வரணும்னு கழட்டி, ஷீட்டு ஒணக்குத பொகப்புரைக்குப் பொறத்தால போட்டாரு. அண்ணைக்கு நான்தான் கம்பிய இழுத்து எஞ்சின நிறுத்துனேன். எனக்க கண்ணால பாத்தேன், மூடி இல்ல." அவன் முதலாளி பக்கம் திரும்பினான். "எனக்க வேல போனாலும் போவட்டு."

அதிகாரி ஞானதாசனைப் பார்த்தார். "நீர் என்ன சொல்கிறீர்?"

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு சத்தியபாய் மறைக்காமல் நீட்டி வைத்திருந்த கையைப் பார்த்தார்.

"அவன் சொல்லுதது சரிதான்" என்றார் கடைசியில். "மூடி அங்க கெடந்தத நானும் பாத்தேன். ஷீட்டு கூடுதல் வருதேன்னு ஒண்ணும் கேக்கல்ல."

நஷ்டஈடு கொடுக்க உத்தரவாயிற்று. மூடியைத் திரும்ப மாட்ட வேண்டும், நிறுத்தும் கம்பியை ரோலரின் பக்கத்திலேயே வைத்து அங்கே ஓர் ஆளை நிறுத்துவது நல்லது என்றும் அதிகாரி சொன்னார்.

கச்சேரி வாசலில் ஞானதாசன் அவர்கள் அருகில் வந்தார். ராஜையன் ஒதுங்கி நின்றான்.

"ஒனக்க வேலைக்கு ஒண்ணும் வராது, ராஜையா" என்றார் அவர். போகத் திரும்பியவரைச் சத்தியபாய் கூப்பிட்டாள்.

"மொதலாளி, எனக்க வேலை?"

"நஷ்டஈடுதான் வருதே பிள்ளே. வேலையும் குடுக்கணும்னு சட்டத்துல இல்லியே."

"சட்டத்துல இல்ல. நான் கேக்குதேன். கம்பி பக்கத்துல ஒரு ஆளு வேணும்னு அதிகாரி சொன்னாரே. அத இழுக்கதுக்கு ஒரு கை போரும். எப்ப இழுக்கணும்னு எனக்குத் தெரியும்."

ஞானதாசனின் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. "திங்கக்கெழம வா" என்றார்.

திங்கட்கிழமை ரோலருக்கு மூடி இருந்தது. சத்தியபாய் புதுக் கம்பியின் அருகே இடது கையை வைத்து நின்றாள். வேலை தொடங்கிச் சற்று நேரத்தில், ரப்பர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் முந்தானை நழுவி, மூடிக்கு அடியிலிருந்த சந்து வழியாக உருளைப் பக்கம் விழப் பார்த்தது. சத்தியபாய் கம்பியை இழுத்தாள். எஞ்சின் இரைச்சல் அடங்கிக் கொட்டகையே அமைதியாயிற்று.

சுந்தரராஜ் உள்ளே ஓடிவந்தான். "என்னட்டி இது? எதுக்கு நிறுத்துன?"

"அவ முந்தானைய இறுக்கிக் கெட்டட்டும். பொறவு விடுதேன்."

மேஸ்திரி வாயைத் திறந்தான். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் வாயை மூடிக்கொண்டு காத்து நின்றான். அந்தப் பெண் நிதானமாக முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.