ஸ்டீரியோ வாங்கப் போனவர்கள்

“ஆயிரத்து இருநூறு வாட்ஸா? இந்த டப்பாவா? நிஜமாவே அவ்வளவு கரண்ட் இழுத்தா கரோல் பாக் பூரா லைட் மங்கிடும், தெரியுமா உனக்கு?”

வெங்கடேஸ்வரன் கத்தியது ஹிந்தியில். ஆனால் எத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் அவருடைய ஹிந்தியை விட்டுக் கும்பகோணத்து வாடை போகவில்லை. கடையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் முகத்தில், கடை கற்றுக்கொடுத்த சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பாக்ஸ்ல அப்படித்தான் ஸார் போட்டிருக்கு. பிஎம்பிஓ.”

“அது பெருமைக்குப் போடற நம்பர்! உள்ளதைச் சொல்லு. ஆர்எம்எஸ் எவ்வளவு?”

அவள் டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “அதுவும் இருக்கு ஸார். பாதி ஆர்எம்எஸ், பாதி பிஎம்பிஓ.”

அவருடைய காது நுனி சிவந்துவிட்டது.

இத்தனைக்கும் நாங்கள் ஸ்டீரியோ வாங்கவே வரவில்லை. வெங்கடேஸ்வரன் கிட்வாய் நகரில் எங்களுக்கு மாடி வீட்டுக்காரர். ஆபீஸில் ஃபைல், வீட்டில் ஸ்பீக்கர், இவ்வளவுதான் அவர் உலகம். இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் சரியாகச் சேரும் இடம் என்று ஹாலில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருப்பார். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. நவராத்திரிக் கொலுவையே சமையலறைப் பக்கம் தள்ளியவர். மகன் ஜெயராமுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்தன. கடைசி வரன் போனது, பெண் பார்க்கப் போன வீட்டில் இவர் அவர்களுடைய டேப் ரெக்கார்டரைத் திருகிக் கழற்றியதால். இதை நானாகச் சொல்லவில்லை, அவர் மனைவி விஜயலக்ஷ்மியே என்னிடம் அழுதாள்.

அதனால்தான் கவிதாவின் ஜாதகத்தை நானே தேடிக் கொண்டுவந்து கொடுத்தேன். பொருத்தம் பிரமாதம். ஞாயிற்றுக்கிழமை முறைப்படி பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. ஆனால் நம் மனிதர்களுக்கு ஒரு வழக்கம் உண்டே: பட்டுப்புடவையும் சொஜ்ஜியுமாகப் பார்ப்பதற்கு முன்னால், பெண் அறியாமல் ஒருமுறை கோயிலிலோ ஆபீஸிலோ பார்த்துவிட வேண்டும். கவிதா கரோல் பாக்கில் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சேல்ஸில் இருந்தாள். வாங்க வந்தவர்கள் மாதிரிப் போய், தமிழே பேசாமல், கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுவது என்பது விஜயலக்ஷ்மியின் திட்டம். நான் போனது சும்மா துணைக்கு.

“வாயைத் திறக்கப்படாது” என்று பஸ்ஸிலேயே கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இவரைக் கூட்டிக்கொண்டு வந்து, அடுக்கடுக்காக ஸ்பீக்கர் வைத்த இடத்தில் நிறுத்திவிட்டு வாயைத் திறக்காதே என்றால்?

டை கட்டிய மேனேஜர் வந்தார். வெங்கடேஸ்வரன் கம்ப்ளெய்ன்ட் புஸ்தகம் கேட்டார். மேனேஜர் புஸ்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, கவிதாவிடம் தாழ்ந்த குரலில் ஹிந்தியில் சொன்னது எனக்குக் கேட்டது: “இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா வீட்டுக்குப் போயிடுன்னு போன வாரமே சொன்னேனா இல்லையா?”

சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போய்விட்டது.

விஜயலக்ஷ்மி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவது? கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஏன்னா, ஜல்தி கிளம்புங்கோ. போறும்.”

தமிழைக் கேட்டதும் கவிதா நிமிர்ந்தாள்.

“மாமா, எழுதாதேங்கோ. நேத்திக்கு வரைக்கும் நான் வாஷிங் மெஷின் செக்ஷன். இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு கஸ்டமர்ட்ட சொல்லப்படாதுன்னு இங்க ரூல்.”

“தெரியாதுன்னா வாயை மூடிண்டு இருக்கணும். கண்டதை உளறப்படாது!” பேனாவைத் திறந்துவிட்டார்.

“பேனாவைக் கீழ வைங்கோ!” விஜயலக்ஷ்மி போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. “எதுக்கு வந்தோம்னு மறந்துபோச்சா? ஜெயராமுக்குப் பாக்க வந்த பொண்ணுன்னா இவ!”

சுவர் முழுக்க டிவிப் பெட்டிகளில் ஒரே கிரிக்கெட் மேட்ச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கவிதா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“ஓ. ஞாயித்துக்கிழமைக்காரா நீங்கதானா?” குரல் நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நன்னா பாத்துக்கோங்கோ மாமி. இந்த லைட் போறுமா? கொஞ்சம் நடந்து காட்டட்டுமா? இங்க எந்த ஐட்டமானாலும் டெமோ காட்டித்தான் விக்கணும்.”

மேனேஜருக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் புரிந்தது. “ஹாங் ஜீ, டெமோ! மேடம்கோ டெமோ திகாவ்!” என்று, மேடத்துக்குக் காட்டச் சொல்லி உற்சாகமாகத் தலையாட்டினார்.

வெங்கடேஸ்வரன் பேனாவை மூடினார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அங்கே நின்றதும் மெதுவாகச் சொன்னார்: “ஆனாலும் பாதி ஆர்எம்எஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது.”

அன்று சாயங்காலமே கவிதாவின் அம்மா போன் செய்து, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விஷயம் ஜெயராம் காதுக்கும் எட்டிவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். “எங்கிட்டகூடச் சொல்லாம போய்ப் பாத்தேளா?” என்று மட்டும் கேட்டானாம். நாக்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். கவிதா அடுத்த தை மாதம் ஒரு பாங்க் ஆபீசரைக் கல்யாணம் செய்துகொண்டு பரோடா போய்விட்டாள். ஜெயராம் நாக்பூரிலேயே ஸ்வப்னா என்று ஒரு மராத்திப் பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, போனில் சொன்னான். போட்டோகூட அனுப்பவில்லை.

வெங்கடேஸ்வரன் ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சென்னைக்குக் கிளம்பியபோது, ஒரு கல்யாணத்துக்காக நானும் அதே வண்டியில் போனேன். ஜெயராம் டூரில் இருந்தானாம். நாக்பூர் ஸ்டேஷனுக்கு ஸ்வப்னா சாப்பாடு கொண்டுவருவாள் என்று சொல்லியிருந்தான். வண்டி நிற்கும் முன்னாலேயே விஜயலக்ஷ்மி கதவருகில் போய் நின்றாள். ப்ளாட்பாரம் முழுக்கப் பெண்கள். சல்வாரில் ஒருத்தி, புடவையில் ஒருத்தி, கையில் பையோடு ஒருத்தி. இதில் யார் ஸ்வப்னா என்று தெரியாமல் விஜயலக்ஷ்மி ஒவ்வொருத்தியைப் பார்த்தும் சிரித்தாள். ஒவ்வொருத்தியும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிக்னல் விழுந்தபோது ஒரு பெண், டிபன் கேரியரும் கையுமாக, ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே எங்கள் பெட்டியை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். விஜயலக்ஷ்மி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, முகம் வெளிச்சத்தில் தெரியும்படி, கதவுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் சாய்ந்து நின்றாள்.