நடுவில் இருந்தது கூட்டலா, கழித்தலா

1

இந்தக் கதை எனக்கு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் போகிற பஸ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு, "கீழ ஜீரோ வரக்கூடாது, கீழ ஜீரோ வரக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்தேன். மடியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"பரீட்சை பிள்ளைக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான்க்கா" என்றார். பெயர் பிரேமா. நாற்பதைத் தொட்ட வயது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: கரிசல் காட்டின் மேல் வெயில்

(விட்டுவிட்டேன். இந்தப் பக்கத்துக் கதை வெயிலில்தான் தொடங்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.)

இரண்டாவது: அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது பாஸ் கேட்டார்கள், அதனால் பிரேமா

(இது பொய். நாற்பது வயதில் ஒருத்தி கணக்குப் படிக்கிறாள் என்றால் பின்னால் ஒரு வேலை இருந்தாகவேண்டும் என்று என் புத்தி தானாகப் போட்டுக்கொண்டது. அப்புறமும் அதே பஸ்ஸில் பல தடவை பார்த்தபோது அவரிடமே கேட்டேன். "வேலைக்கெல்லாம் இல்லக்கா. ஒரு கணக்கு பாதியில நிக்குது" என்றார்.)

பாதியில் நின்ற கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். இனி 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. 'அவர்' என்று எழுதினால் பிரேமா பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

2

கோவில்பட்டியில் பெண்கள் பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு. பிரேமாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் முத்துசெல்வி, கடைக்கார வீட்டுப் பெண். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜாமெட்ரி பாக்ஸ். அதற்குள் காம்பஸ் இருக்கவேண்டிய இடத்தில் பாதி நாள் நெல்லிக்காய்தான் இருக்கும். திருநெல்வேலிப் பாசஞ்சர் கூவினால் சாப்பாட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று வகுப்பு முழுவதும் காலை ஆட்டத் தொடங்கும். கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்தால் ஒரு வாசம் வருமே, அதைச் சொல்லும்போது பிரேமா மூக்கை உறிஞ்சினாள். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஓடுகிற பஸ்ஸில்.

அன்று டீச்சர் ஒரு கணக்கை எழுதி, முதல் வரியைப் போட்டுவிட்டு, "அடுத்து என்ன செய்யணும்?" என்று திரும்பியபோது வாசலில் பிரேமாவின் அண்ணன் இராமச்சந்திரன் நின்றான். ஆட்டுக் கிடையில் படுத்திருந்த அப்பாவை விரியன் கடித்துவிட்டது. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும், ஆட்டைப் பார்க்க ஆளில்லை.

"பைய எடுத்துட்டு வா" என்றான்.

"போயிட்டு வாம்மா. மிச்சத்த முத்துசெல்விகிட்ட பாத்து எழுதிக்கோ" என்றார் டீச்சர்.

அப்பா பிழைத்தார். ஆனால் காலை ஊன்றி நடக்கப் பல மாதமாயிற்று. பிரேமா ஆட்டோடு போனாள். பரீட்சை அவள் இல்லாமலே முடிந்தது. சில வருஷத்தில் இடைசெவல் ஜெயகிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முத்துசெல்வியும் கல்லூரி, கல்யாணம் என்று ஊரைவிட்டுப் போய்விட்டாள். பிரேமாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். இப்போது இரண்டு பேரும் வெளியூரில்.

(அண்ணனைக் கொடுமைக்காரனாக எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அவனுக்கும் பதினெட்டு வயதுதான்.)

3

சென்ற வருஷம் மோட்டார் குழாய்க்கு ஒரு ஜாயின்ட் வாங்க பிரேமா கோவில்பட்டியில் புதிதாகத் திறந்த ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்த யோகராஜ் அண்ணாச்சி சாமானைத் தேடிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பகுதிய மொதல்ல பாருங்க. மேல இருக்கத அப்புறம் பாக்கலாம்."

பிரேமா சாமானை வாங்காமல் மாடியேறினாள். டியூஷன் பிள்ளைகளுக்கு நடுவில் கண்ணாடி போட்ட முத்துசெல்வி நின்றாள். யோகராஜின் மனைவி அவள்தான். கணக்கில் பட்டம் வாங்கி, குடும்பத்தோடு ஊருக்கே திரும்பியிருந்தாள்.

"ஏட்டி, பிரேமாவா?"

அழுது முடித்தபின் பிரேமா கேட்ட முதல் கேள்வி, "அன்னைக்கு போர்டுல ஒரு கணக்கு இருந்துச்சுலா, அது என்னாச்சு?"

முத்துசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்தக் கணக்குட்டி? எனக்கு அன்னைக்கு நீ போனதுதான் ஞாவகம் இருக்கு. கணக்கு எங்கன இருக்கும்?"

பிரேமா பலகைக்குப் போய் எழுதினாள். x/(x−2). அதற்கப்புறம் சாக்பீஸ் தயங்கியது. பிறகு 2/(2−x). நடுவில் இடத்தைக் காலியாக விட்டாள்.

"விடைய இப்ப சொல்லிருவேன். ஒனக்கு அது போதுமா?" என்றாள் முத்துசெல்வி.

"போதாது. நான் போடணும்."

4

போடுவதற்கு முதலில் பின்னம் தெரியவேண்டும். பிரேமா அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினாள்.

"அஞ்சுல ரெண்டு அரையக் காட்டியும் கம்மிட்டி. அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்பிடிக் கொறையும்?"

(இந்த இடத்தில் கடலைமிட்டாயை உடைத்துப் பங்கு போடலாம் என்று இருந்தேன். கோவில்பட்டி என்றால் வாசகர் அதைத்தான் எதிர்பார்ப்பார். முத்துசெல்வி கீழே கடைக்குப் போய் இரண்டு குழாய்த் துண்டு எடுத்து வந்தாள்.)

"அரை இஞ்சுப் பைப்பையும் முக்கால் இஞ்சுப் பைப்பையும் நேராச் சொருவுவியா?"

"எப்பிடிச் சொருவ? நடுவுல ரெட்யூசர் வேணும்லா."

"இதும் அதாம்ட்டி. கீழ ரெண்டு, மூணுன்னு அளவு வேற வேறயா இருக்கு. ரெண்டயும் ஆறாக்கு. பொறவு சேரும்."

சேர்ந்தது. ஆறில் ஐந்து. எண்கள் போய் எழுத்துகள் வந்தன. கீழே பூச்சியம் வந்தால் அந்தக் கோவைக்குப் பொருளே இல்லை, அதனால் அந்த மதிப்பை விலக்கவேண்டும் என்று படித்தாள். மேலேயும் கீழேயும் ஒன்றுபோல இருப்பதை அடிக்கிற இடம்தான் அவளுக்குப் பிடித்தது. பிடித்ததிலேயே சறுக்கினாள். (x+3)/3 என்று கொடுத்தால் மேலும் கீழும் உள்ள மூன்றை அடித்து x என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"எக்ஸுக்கு மூணு போட்டுப் பாரு. விடை ரெண்டுதான வருது? நீ மூணுன்னு சொல்லுத. கூட்டல்ல ஒட்டிக்கிட்டு இருக்கத தனியாப் பிச்சு அடிக்கக்கூடாதுட்டி. பெருக்கல்ல இருந்தாத்தான் அடிக்கலாம்."

இந்த விதியை நான் தாளில் எழுதி மேசைமேல் ஒட்டியிருக்கிறேன். காரணம் அடுத்த பகுதி.

5

ஜெயகிருஷ்ணன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வரவே இல்லை. முதல் பிரதியில் புத்தகத்தைக் கிழிக்கிற கணவன். இரண்டாவதில் அவனையே கதையிலிருந்து அடித்துவிட்டுப் பிரேமாவைத் தனியாளாக்கினேன். கதை சுலபமாக ஓடியது. பிரேமாதான் அதில் இல்லை. அவனைத் திரும்பச் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"இந்தக் கணக்கு எதுக்கு ஆவும்?" என்று கேட்டான்.

"எதுக்கும் ஆவாது."

"பொறவு?"

"எனக்குத் தெரியணும்."

டியூஷன் நாட்களில், பிரேமா வழக்கமாக மேய்க்கிற வீட்டு ஆட்டை அவனே ஓட்டிப்போனான். ஒருநாள் அசந்து தூங்கிவிட, மந்தை அதே தெரு மாயகிருஷ்ணனின் மக்காச்சோளத்துக்குள் இறங்கிவிட்டது. மாயகிருஷ்ணன் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். ஆட்டைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, "பொண்டாட்டிய பள்ளிக்கூடம் அனுப்பிட்டு நீ ஆடு மேய்க்கியாக்கும்" என்றார். தெருவே கேட்டது.

"போதும், விட்டுரு" என்றான் ஜெயகிருஷ்ணன் அன்று சாயங்காலம்.

பிரேமா விட்டுவிட்டாள். புத்தகத்தை உளுந்து மூட்டைமேல் போட்டாள். முத்துசெல்வி போன் பண்ணினால் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துசெல்வி ஸ்கூட்டியில் இடைசெவலுக்கே வந்து இறங்கினாள். ஜெயகிருஷ்ணன்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அவிய அண்ணன் வந்து கூப்பிட்டப்ப நானும் ஒண்ணும் சொல்லாமத்தான் உக்காந்திருந்தேன். சின்னப் பிள்ள. இப்ப அப்பிடி இருக்க முடியல."

அவன் உள்ளே பார்த்து, "ஏட்டி, ஒங்க டீச்சர் வந்திருக்காவ" என்றான். கம்பை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குப் போனான்.

6

அன்றுதான் அந்தக் கணக்கைப் போட்டாள். 2−x என்பதைத் திருப்பினால் x−2, முன்னால் ஒரு கழித்தல் வரும். இரண்டு பகுதியும் ஒன்றாகிவிடும்.

"நடுவுல என்னட்டி இருந்துச்சு?" என்றாள் முத்துசெல்வி.

பிரேமா கண்ணை மூடினாள். டீச்சரின் கை தெரிந்தது, வளையலில் படிந்த சாக்பீஸ் தூள் தெரிந்தது. நடுவில் இருந்த குறி தெரியவில்லை.

கூட்டல் என்றால் மேலும் கீழும் x−2. மொத்தமும் அடிபட்டு விடை ஒன்று. கழித்தல் என்றால் (x+2)/(x−2). அதற்குமேல் சுருங்காது, அப்படியே நிற்கும். எப்படியானாலும் x இரண்டாக இருக்கக்கூடாது.

இரண்டையும் போட்டு அடிக்கோடு இழுத்தாள்.

"எதுட்டி சரி?"

"ரெண்டும் சரிதான். கேள்விதான் எதுன்னு தெரியல" என்றாள் முத்துசெல்வி. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிரேமா சிரித்துக்கொண்டே முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

(எனக்கு விடை ஒன்று என்று வந்தால் பிடிக்கும். ஆனாலும் நானாகக் கூட்டலைப் போட மனம் வரவில்லை.)

7

தனித்தேர்வராகப் பரீட்சைக்குப் பணம் கட்டியது முத்துசெல்வியின் யோசனை. மற்ற பாடங்களும் எழுதினாள். சமூக அறிவியலில் அவள் பட்ட பாட்டுக்குத் தனிக் கதை வேண்டும்.

கணக்குப் பரீட்சையன்று ஏதாவது நடக்கவைக்க எனக்குக் கை அரித்தது. பரீட்சை மண்டபத்து வாசலில் மறுபடியும் ஓர் ஆள் வந்து நின்று, பிரேமாவின் மகன் பைக்கிலிருந்து விழுந்து

(அடித்துவிட்டேன். அன்று யாரும் வரவில்லை.)

ரிசல்ட் வந்தது. கணக்கில் நாற்பத்தேழு, எல்லாப் பாடமும் பாஸ். வயலில் இருந்தவளுக்கு முத்துசெல்வி போனில் சொன்னாள். ஜெயகிருஷ்ணன் கடம்பூருக்குப் போய் போளி வாங்கி வந்து மாயகிருஷ்ணன் வீடு உட்படத் தெரு முழுவதும் கொடுத்தான். பிளஸ் ஒன் சேரச் சொல்லி முத்துசெல்வி நச்சரிக்கிறாள். சேருவாளா என்பது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

கதை ரிசல்ட்டோடு முடிந்திருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் பஸ்ஸில் பார்த்தபோது பிரேமா அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, பரீட்சை முடிந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதனால் அங்கேயே நிற்கிறேன்.

கடைசி மணி அடித்தாயிற்று. தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகள் வெளியே வேப்பமரத்தடியில் விடை சொல்லிச் சண்டை போடுகின்றன. பிரேமா பெஞ்சைவிட்டு எழவில்லை. பேனாவை மூடி, இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, யாரோ துடைக்காமல் விட்ட கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாரும் போயாச்சும்மா. ரூமப் பூட்டணும்" என்கிறார் வாசலில் நிற்கும் டீச்சர், பிரேமாவைவிட வயதில் சின்னவர்.

"இந்தா வாரேன் டீச்சர்" என்கிறாள் பிரேமா. எழவில்லை.

டீச்சரும் அவசரப்படுத்தவில்லை. அவளை எழுப்பி வெளியே அனுப்புகிற வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உடனே எழுதாதீர்கள்.