எட்டரை மணிக் காசு

அத்தாவின் மூச்சு நின்று மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தபோது முஹ்சினா அவருடைய காசு ஒன்றைச் சுண்டினாள். அது கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கடப்பைக் கல்லில் விழுந்து, எம்பி, சுழன்று, அடங்கியது.

காதோடு பிடித்திருந்த போனில் சோலைமலை மாமா மூச்சு விடுவது கேட்டது. அவர் இருந்தது நிலக்கோட்டையில்.

"வெள்ளி," என்றார். "விக்டோரியா ரூவா. சரியா பாயி?"

சரி என்றால் போனின் மேல் நகத்தால் ஒரு தட்டு. தப்பு என்றால் இரண்டு. வாதம் வந்து பேச்சு போன பிறகு அத்தா ஏற்படுத்திய வழக்கம் அது. தினமும் காலை எட்டரைக்கு அத்தா காசைச் சுண்ட, மாமா சத்தத்தை வைத்தே அது எது என்று சொல்வார். முஹ்சினா ஒருமுறை தட்டினாள்.

தட்டின் சத்தம் அவருக்கு வித்தியாசமாகப் பட்டது போலிருந்தது.

"நகம் வெட்டுனீகளா பாயி?"

அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். அவர் தானாகவே சிரித்தார். "சரி சரி. நாளைக்குப் பாப்போம். நாளைக்கு வேற உலோகத்துல வாங்க."

போன் அணைந்தது. முன்னறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். காசை எடுத்து அதன் சின்னக் காகித உறையில் போட்டாள்.

காலை ஆறு மணிக்கு அவள் பொன்னழகு அத்தைக்குத்தான் முதலில் போன் செய்திருந்தாள். மாமாவின் மனைவி சேதியைக் கேட்டதும் அழவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு கிசுகிசுத்தாள்.

"தாயி, அவரு காதுல இது விழக்கூடாது. போன மாசம் அவரு தம்பி செத்துட்டாருன்னு கேட்டுத்தான் நெஞ்சப் புடிச்சாரு. ஆப்பரேசன் பண்ண புண்ணு ஆறல. திங்கக்கெழம டாக்டர்ட்ட போறோம், அங்க வச்சுச் சொல்லிக்கிறோம். எட்டரைக்குப் போன் பண்ணுவாரு. சத்தம் வரலைன்னா கெளம்பி வந்துருவாரு. நீ ஒரு காச மட்டும் சுண்டிரு தாயி."

அவள் சுண்டிவிட்டாள்.

அத்தாவுக்கும் மாமாவுக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு காசில்தான். அத்தாவுக்குப் பேகம்பூரில் தோல் மண்டி. மாமாவுக்கு நிலக்கோட்டையில் பூக்கடை. வத்தலக்குண்டில் ஒரு பழைய பாத்திரக் கடையின் ஓட்டை டப்பாவுக்குள் இரண்டு கைகள் ஒரே சமயத்தில் நுழைந்தன. சேவுகம்பட்டிப் பக்கம் முதல் மழைக்குப் பிறகு உழுத காட்டில் கிடைத்த செப்புக் காசு அது. ஒரு பக்கம் மீன், மறுபக்கம் தேய்ந்துபோன ஏதோ ஒன்று. யாரும் விடவில்லை. கடைக்காரர் பொறுமையிழந்து, ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். விளையாட்டுக்குச் சொன்னதை இவர்கள் சட்டமாக்கிக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், ஒரு பொட்டலம் மல்லிகையோடு காசு கை மாறும். "பொண்ண மறுவீடு அனுப்புற மாதிரில்ல போகுது," என்று அம்மா சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தா ஒரு பதனிட்ட ஆட்டுத்தோலை விரித்துக் காசுகளைப் பரப்புவார். ஓட்டைக் காலணா, புலி போட்ட நிக்கல் ரூபாய், மில் கேண்டீன் பித்தளை டோக்கன், யாரோ ஒரு சிப்பாயின் பதக்கம். முஹ்சினா வேதியியல் முதலாண்டு படித்தபோது ஒரு செப்புக் காசைப் பளபளவென்று கழுவித் தரட்டுமா என்று கேட்டாள். அத்தா பதறிப்போய்க் கையை மூடிக்கொண்டார். "இந்தப் பச்சை ஏற முந்நூறு வருசம் ஆச்சும்மா. நீ அஞ்சு நிமிசத்துல எடுத்துருவ." பிறகு ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டுக் காட்டினார். வெள்ளி பாடும். நாற்பதுகளில் வந்த பாதி வெள்ளி பாட ஆரம்பித்துத் தொண்டை கட்டும். நிக்கல் அதட்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, அவர் சரி, தப்பு என்பார். கூச்சத்தில் எங்கும் வாய் திறக்காத பெண் அந்தக் கல்லின் முன்னால் மட்டும் சத்தமாகப் பேசினாள்.

"மையத்து வீட்ல காசு சுண்டுறியா நீ?"

அண்ணன் ஹஸ்ஸான் கதவருகில் நின்றான். கண்கள் வீங்கியிருந்தன.

"சோலைமலை மாமா போன் பண்ணாங்க."

"தெரியும். அத்தை எங்கிட்டயும் பேசுனாங்க. அடக்கம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"முகம் பாக்க வேணாமாண்ணே?"

"பாத்து? அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இன்னொரு வீட்லயும் பந்தல் போடணும். நீ பதில் சொல்வியா?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குள் சொன்னால் மாமாவின் நெஞ்சு தாங்குமா தெரியாது. சொல்லாவிட்டால், முப்பது வருடத்து மனிதரை அவர் இனி ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. இரண்டில் எது நடந்தாலும் அதில் அவள் சுண்டிய காசு இருக்கும்.

கொல்லையில் ட்ரம்மில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. வெறும் ட்ரம்மின் அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, நிறைந்தவுடன் செத்துப்போனது. பக்கத்து அறையில் அத்தாவைப் பொதியும் கபன் துணியைக் கிழித்தார்கள். ஒரே இழுப்பில், நீளமாக. அடுத்த கிழிசலுக்காக அவள் உடம்பு காத்திருந்தது. வரவில்லை. பிறகு வந்தது.

குளிப்பாட்டி முடித்து அத்தாவை முன்னறையில் கிடத்தினார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. கால்மாட்டில் அம்மா வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் அவள் கையில் டீத் தம்ளரைத் திணித்தாள். "ஒரு மடக்கு குடி ஜெய்தூன். ஒரே மடக்கு."

அப்போது போன் அடித்தது. சோலைமலை மாமா. ஒரே நாளில் அவர் இரண்டாவது முறை கூப்பிட்டதே இல்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் கிளம்பி வந்துவிடுவார் என்ற பயத்தில் எடுத்தாள்.

"முஹ்சினா, நாந்தான் தாயி." குரல் கட்டையாக இருந்தது. "ஈஸ்வரன் கடைலருந்து பேசுனான். மல்லிகப் போர்வைக்கு எத்தன கிலோ கட்டணும்னு கேட்டான். யாருக்குடான்னேன். பேகம்பூர் ஹஸ்ஸான் அண்ணன் கேட்டாருங்கிறான்."

முஹ்சினா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் பூ வந்தது மாமாவின் கடையிலிருந்துதான். சொல்லக்கூடாது என்று எல்லோரையும் அடக்கிய ஹஸ்ஸான், மையத்தின் மேல் போர்த்தும் பூவுக்கு அதே கடையின் எண்ணை அழுத்தியிருக்கிறான். கை பழகிய எண். யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, கடையில் வேலை பார்க்கும் ஈஸ்வரனும் கேட்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்ததும் ஹஸ்ஸானுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையசைத்தான்.

"ஜெய்தூன் தங்கச்சியா தாயி?" என்றார் மாமா.

அவள் பார்வை கால்மாட்டில் இருந்த அம்மாவிடம் போனது.

"எனக்குக் காலைலயே மனசுல பட்டுச்சு. பாயி சுண்டுன சுண்டுல தெம்பே இல்ல. கை நடுங்கிருக்கு." அவர் மூக்கை உறிஞ்சினார். "என்ன மனுசன் பாரு. பொண்டாட்டிய வாசல்ல போட்டு வச்சிக்கிட்டு, எனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு காசு சுண்டிருக்காரு. சரியான்னு கேட்டா ஒரு தட்டுத் தட்டுறாரு."

"மாமா..."

"அழாத. நீ அழுதா அவரு ஒடஞ்சிருவாரு. இனிமே அவருக்கு யாரு இருக்கா, நீயும் நானுந்தான். நான் தெடமா இருக்கேன், வேன்ல வாரேன். உங்க அத்தை மறிச்சாலும் வாரேன். அதுக்கு முன்ன போன அவரு காதுல வையி. அவரு பேச வேணாம். ரெண்டு வார்த்த நான் சொல்லிக்கிறேன்."

முஹ்சினா எழுந்தாள். போனைக் கையில் பிடித்தபடி அத்தாவின் தலைமாட்டுக்கு வந்து மண்டியிட்டாள். பெண்கள் ஓதுவதை நிறுத்தவில்லை. பஞ்சு வைத்த காதுக்கும் போனுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கால்மாட்டிலிருந்து அம்மா, என்ன என்பதுபோல் பார்த்தாள்.

"வச்சிட்டியா தாயி?"

அத்தரும் கற்பூரமும் மூக்கில் ஏறின. அவள் தன் கை போய்க்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். நிறுத்தினாள்.

"பாயி," என்று போனுக்குள் மாமா ஆரம்பித்தார். "மனசத் தேத்திக்கங்க பாயி. நாம எல்லாரும்..."

ஹஸ்ஸான் போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் அதைத் தன் காதுக்குக் கொண்டுபோனாள்.

"மாமா, போர்வை அம்மாவுக்கு இல்ல."

அவர் பாதியில் நின்றார்.

"காலைல சுண்டுனது நான்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக, அறை முழுவதும் கேட்டது. ஓதிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். "அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா. ஜும்ஆவுக்கு அப்புறந்தான் எடுப்பாங்க. முகத்த இன்னும் மூடல."