வேலியோரத்து மந்திரிப்பு

மறைப்பணிக்கு வந்து, செடிகொடிகளை ஆராய்ந்தே தலை நரைத்துப்போனவர் இன்னாசி சாமியார். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் பாலாற்றங்கரையே கருகிப்போக, அங்கே மட்டுமே வளர்ந்த ஓர் இனத்தில் மிஞ்சிய கடைசிச் செடியைக் கொண்டுவந்து ஆம்பூர் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் நட்டிருந்தார்.

கல்லறைத் திருநாளன்று கல்லறைகளை மந்திரிக்க வந்தவர் அந்த வேலியோரத்தில் அப்படியே நின்றுவிட்டார். தரை மொட்டையாகக் கிடந்தது.

"நீங்க வர்றீங்கன்னு நேத்தே சுத்தம் பண்ணிட்டோம் சாமி. ஒரு புல்லு பூண்டு விடல," என்றாள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா மேரி, பெருமையாக.

சாமியாருக்குக் கோபம் வந்தது. அந்தச் செடியைப் பற்றி வெளிநாட்டுக்கெல்லாம் எழுதியவர், களை எடுக்கும் இவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, வெறுந்தரையில் தீர்த்தம் தெளித்தார்.

"அங்க யாரையும் பொதைக்கலையே சாமி?"

"நேத்து வரைக்கும் உயிரோட இருந்துச்சும்மா."