எழுதாமல் விட்ட வரி

அந்த அலுவலகத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் இரண்டு நாள், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளின் மேசைக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். மடியில் லேப்டாப், முகத்தில் டாக்டருக்குக் காத்திருப்பவரின் களை. வெறும் கணினியில் புரோகிராம் எழுத முடியாதே. டேட்டாபேஸ், அதற்கான அனுமதிகள், இன்னும் என்னென்னவோ வரிசை பிசகாமல் ஏற்ற வேண்டும். அக்கா கை பட்டால்தான் ஓடும் என்பது அங்கே பேச்சு.

ஒன்பது வருடமாக அதுதான் அவள் வேலை. தான் ஒரு நாள் லீவு போட்டால் ஆபீஸே படுத்துவிடும் என்று அண்ணியிடம் பெருமை அடித்திருக்கிறாள். கணவனை விட்டு வந்து அண்ணன் வீட்டில் இருப்பவளுக்கு, நிமிர்ந்து உட்கார அந்த ஒரு பெருமைதான் இருந்தது.

புதிதாக வந்த மேலாளரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். அத்தனை வேலையையும் ஒரே ஃபைலில் எழுதிவிடலாம், வருகிறவர்கள் ஒரு கட்டளை கொடுத்தால் போதும் என்றார். ஃபைல் ஓடிவிட்டால் அக்கா எதற்கு? போன மாதம்தான் சோதனைப் பிரிவில் இருவரை இப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"ஒண்ணு விடாம சொல்லுங்கக்கா, நான் எழுதிக்கிறேன்."

பதினாறு வேலைகளைச் சொன்னாள். பதினேழாவதைச் சொல்லவில்லை. டேட்டாபேஸை ஏற்றும் முன் தேதி அமைப்பை மாற்றி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் திரையிலேயே எல்லாம் நின்றுவிடும். சேர்ந்த புதிதில் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவளே கண்டுபிடித்தது. எதற்காக அணைக்கிறோம் என்று வேறு யாருக்கும் தெரியாது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." காது மடல் சுட்டது.

திங்கட்கிழமை மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். கண்ணாடிக்காரர் ஃபைலை ஓடவிட்டார். அக்கா டீ குடிக்கக்கூடப் போகாமல், கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு நிமிடம். மூன்று திரையும் திறந்துகொண்டன. எதுவும் நிற்கவில்லை.

அவர் அவள் மேசைக்கே வந்து சொன்னார். "ஒண்ணுகூட விட்டுப்போகலக்கா. உங்களால இது நடந்தது."

அவர் போனதும் டேட்டாபேஸின் ஒவ்வொரு புதிய பதிப்போடும் என்ன மாறியது என்று வந்த பழைய குறிப்புகளைத் தேடிப் பார்த்தாள். தேதிக் கோளாறைச் சரிசெய்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஒரே ஒரு வரி. அதைப் படிக்காமல் ஏழு வருடமாக ஒவ்வொருவரையும் கணினியை அணைக்கச் சொல்லி, அது மறுபடி எழும்வரை பக்கத்தில் காத்திருக்க வைத்திருக்கிறாள். அவர்களும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

நாலு மணிக்கு, நாளைக் காலை வந்து பார்க்கும்படி நிர்வாகப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

வீட்டில் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உதவிக்கு அக்காவும் ஒரு கத்தியை எடுத்தாள்.

"இன்னைக்கு எத்தனை மெஷின்?"

"மூணு அண்ணி."

"கை ஓஞ்சு போயிருக்குமே," என்று அண்ணி கத்தியை வாங்கிக்கொண்டாள். "போய் உக்காரு. நாளைக்கும் போகணுமில்ல?"