முதுகு தெரியும் காட்சி

என் அப்பா டப்பிங்கில் வில்லன்களுக்குக் குரல் கொடுப்பவர். காலம் முழுக்க அடுத்தவன் குடியைக் கெடுத்தே பழகிவிட்டதால் வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட மிரட்டிக் கேட்பதுபோல் இருக்கும். அவரிடம் போய், "எனக்குப் பொண்ணுங்களைப் பிடிக்குதா, ஆம்பளைங்களைப் பிடிக்குதான்னே தெரியலைப்பா" என்று எப்படிச் சொல்வது? வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு இந்திப் படம் தமிழ் டப்பிங்குக்கு வந்தது. சிரிப்பும் அழுகையுமாக ஓடும் குடும்பப் படம். கல்யாணம் நிச்சயமான பையனுக்கு, தான் யாரை விரும்புகிறோம் என்றே சந்தேகம் வந்துவிடுகிறது. பையனுக்கு நான் குரல், அவன் அப்பாவுக்கு என் அப்பா. படத்தின் சாக்கில் சொல்லிவிடலாம், அப்பா முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம், வம்பானால் "வசனம்தானே" என்று நழுவிவிடலாம். இந்த நினைப்பில்தான் ஒத்துக்கொண்டேன். கோழைத்தனம்தான், யார் இல்லை என்றார்கள்?

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டப்பிங்கை நடத்தும் அக்காவும் ஒலிப்பதிவாளரும். இந்தப் பக்கம் ஒரே மைக்கின் முன்னால் நானும் அப்பாவும். திரையில் பையன் வாயைத் திறந்தான். நான் மனதில் கிடந்ததை அப்படியே சொன்னேன்.

"இயற்கையாவே இல்லையே தம்பி," என்றார் அக்கா. "இப்படி யாராவது சொல்வாங்களா? கொஞ்சம் நடிங்க. அப்புறம், அவன் வாய் இன்னும் அசையுது, நீங்க அதுக்குள்ள முடிச்சிட்டீங்க."

இத்தனை வருஷம் அடக்கிவைத்த உண்மை ஒரு நடிகனின் வாய்க்குப் பற்றவில்லை.

"எதையாவது சேத்துக்கட்டுமாக்கா?"

"அவன் வாயை மூடுற வரைக்கும் சேத்துக்கோங்க."

சேர்த்தேன். "சில நாள் ரெண்டு பேரையும் பிடிக்குதுப்பா. சில நாள் யாரையுமே பிடிக்கலை. ராத்திரி தூக்கமே வரலைப்பா."

ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். "தூக்கம் வரலைங்கறது மட்டும் கொஞ்சம் ஓவர், பரவாயில்லை," என்றார் அக்கா. சொன்னதிலேயே அதுதான் கலப்படமில்லாத உண்மை.

அப்பா என் பக்கம் திரும்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அடுத்தது அவர் வசனம்.

"என் வாசப்படியை மிதிச்சே, காலை உடைச்சிடுவேன்!"

ஒரே டேக்கில் ஓகே. அறையே அதிர்ந்தது. அக்கா கைதட்டினார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் வசனம் என்று தெரியும். தெரிந்தும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரையில் அந்த அப்பா திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. டப்பிங் ஆட்களுக்கு முதுகு தெரிந்தால் கொண்டாட்டம். வாய் தெரியாது, என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

"ஒரு பெருமூச்சு விட்டாப் போதும் சார்," என்றார் அக்கா.

அப்பா பெருமூச்சு விடவில்லை. அதே வில்லன் குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினார். "டேய், சாயந்தரம் ஒழுங்கா வீட்டுக்கு வந்துடு. யாரைப் பிடிக்குதுன்னு தெரிஞ்சா சொல்லு. தெரியலைன்னா அதையும் வந்து சொல்லு. ராத்திரி தூக்கம் வரலைன்னா என்னை எழுப்பு. எழுப்பாம இருந்தே, தொலைச்சிடுவேன்!"

அக்கா மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"சார், அப்பா கிளைமாக்ஸ்லதான் மனசு மாறணும். இப்பவே மாறிட்டா, மிச்சப் படத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அவன் மாறலைம்மா. அவன் பாட்டுக்குத் திட்டட்டும். எனக்குத்தான் இதுக்கு மேல வாய் வராது. வேற ஆளைப் பாத்துக்கோங்க."

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் மூக்கை உறிஞ்சினேன். அக்கா அதையும் பதிவு செய்துகொண்டார்.

படம் வந்துவிட்டது. அந்த முதுகுக்குப் பிறகு படத்து அப்பாவுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு குரல். விமரிசகர்கள் அதைக் குறியீடு என்கிறார்கள். கிளைமாக்ஸ் வரை அந்தப் புது ஆள் என்னைத் தொண்டை கிழியத் திட்டுகிறார். பாவம், எனக்கு ஒரு வார்த்தைகூட வலிக்கவில்லை.